அரபுமொழியில் குழந்தைகள் வாசிக்கக் கற்கும் முறை

முன்னுரை

பேச்சு மனிதனுக்கு இயல்பாக வருவது; வாசிப்பு கற்பித்தால் வருவது. பேச்சைத் தாயின் மடியில் கற்கும் குழந்தை, எழுத்தைக் கற்கப் பள்ளிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே அது சந்திக்கும் இடர்ப்பாடுகள் எல்லா மொழியிலும் ஒன்றாக இருப்பதில்லை. சீனக் குழந்தை ஆயிரக்கணக்கான எழுத்துருக்களை மனத்தில் பதிக்க வேண்டும். ஆங்கிலக் குழந்தை ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள பொருத்தமின்மையோடு போராட வேண்டும். தமிழ்க் குழந்தைக்கு எழுத்துகள் 247. ஆயினும் அவற்றைக் கற்றுவிட்டால், பொருள் தெரியாத சொல்லையும் அது வாய்விட்டு வாசித்துவிடும்.

அரபுமொழிக்கு எழுத்துகள் 28 மட்டுமே. ஆனால் அந்த 28 எழுத்துகளையும் பிழையறக் கற்ற பின்னரும், முன்பின் கேட்டிராத ஒரு சொல்லை உறுதியாக வாசிக்க அரபுக் குழந்தையால் இயலாது. எகிப்து நாட்டுச் சீர்திருத்தவாதி காசிம் அமீன் (1863–1908) இதைக் குறித்தே வருந்தினார். பிறமொழியாளர் புரிந்துகொள்வதற்காக வாசிக்கிறார்கள். அரபு மக்களோ வாசிப்பதற்காக முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்தாகும்.

வாசித்தால்தான் புரியும், புரிந்தால்தான் வாசிக்க இயலும் என்னும் இவ்வட்டத்துக்குள் ஆறு வயதுக் குழந்தை எவ்வாறு நுழைகிறது? எதைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தின் உருவம்

அரபு எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அச்சிலும் கையெழுத்திலும் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும். சேரும் இடத்துக்கு ஏற்ப எழுத்தின் உருவம் மாறும். தனித்து நிற்கும்போது ஓர் உருவம், சொல்லின் முதலில் ஒன்று, இடையில் ஒன்று, இறுதியில் ஒன்று என ஓர் எழுத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. பல எழுத்துகளில் இம்மாற்றம் சிறிதே, சிலவற்றில் பெரிது. 'ஹா' என்னும் எழுத்து தனியே நின்றால் ஒரு சிறு வட்டம். சொல்லின் முதலில் வந்தாலோ அதனுள் இரண்டு கண்கள் தோன்றிவிடும். இரண்டும் ஒரே எழுத்து என்பதைக் குழந்தை சொல்லித்தான் அறிய வேண்டும்.

எல்லா எழுத்துகளும் இருபுறமும் சேர்வதில்லை. அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் தமக்கு முன் வரும் எழுத்தோடு சேருமேயன்றிப் பின் வருவதோடு சேரா. எஞ்சிய 22 எழுத்துகளும் இருபுறமும் சேர்வன. சேராத ஆறு எழுத்துகள் என்னும் இச்செய்தியைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்க. பாலபாட ஆசிரியர்கள் இதனை எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தினர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அடுத்த இடர்ப்பாடு புள்ளிகள். சொல்லின் முதலிலும் இடையிலும் ஒரு சிறு பல்லைப் போன்ற கோடு ஐந்து எழுத்துகளுக்குப் பொதுவாக வரும். கீழே ஒரு புள்ளி இருந்தால் அது 'ப' ஒலி; கீழே இரண்டு இருந்தால் 'ய' ஒலி; மேலே ஒன்று இருந்தால் 'ந' ஒலி; மேலே இரண்டானால் 'த' ஒலி; மூன்றானால் நாக்கின் நுனியைப் பல்லிடையே வைத்து ஒலிக்கும் மற்றோர் ஒலி. புள்ளி எத்தனை, மேலா கீழா என்று எண்ணிப் பார்க்கக் குழந்தையின் கண் பழக வேண்டும். எந்த எழுத்துக்கு எத்தனை புள்ளி என்பதைச் சொல்லும் சிறுவர் பாட்டுகள் அரபு நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருவதற்கு இதுவே காரணம்.

உயிர்க்குறிகள் பிறந்த வரலாறு

இந்த 28 எழுத்துகளும் பெரும்பாலும் மெய்யொலிகளையே குறிப்பன. நெடில்களான ஆ, ஈ, ஊ மூன்றையும் அலிஃப், யா, வாவ் என்னும் எழுத்துகள் காட்டும். குறில்களான அ, இ, உ மூன்றுக்கும் எழுத்து இல்லை, குறிகளே உண்டு. எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு 'அ'. அதற்கு ஃபத்ஹா என்று பெயர். எழுத்தின் கீழ் ஒரு சாய்கோடு 'இ', அது கஸ்ரா. மேலே சிறிய வாவ் போன்ற வளைவு 'உ', அது ளம்மா. உயிர் இல்லாத மெய்யைக் காட்ட மேலே ஒரு சிறு வட்டம் இடுவர், அது ஸுகூன். நம் மெய்யெழுத்தின் புள்ளி செய்யும் பணியையே இது செய்கிறது. மெய் இரட்டிப்பதைக் காட்ட ஷத்தா என்னும் குறி உண்டு.

தொடக்கத்தில் அரபு எழுத்தில் இக்குறிகள் இல்லை; ப, த, ந ஆகியவற்றை வேறுபடுத்தும் புள்ளிகளும் முறையாக இடப்படவில்லை. மொழியை நன்கு அறிந்தவர்கள் சொல்லின் எலும்புக்கூட்டைப் பார்த்தே முழுச்சொல்லையும் உணர்ந்துகொண்டனர். இஸ்லாம் பரவிப் பிறமொழியாளர் பலர் அரபு கற்கத் தொடங்கியபோது பிழைகள் பெருகின. பஸ்ரா நகரில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பவர் உயிரொலிகளைக் காட்ட வண்ணப் புள்ளிகளை முதலில் இட்டார் என்று மரபு கூறுகிறது. அவர் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தவர்.

அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஓரிரவு அவருடைய மகள் வானத்தை நோக்கி, "வானம் எவ்வளவு அழகு!" என்று சொல்ல விரும்பினாள். சொல்லின் இறுதியில் 'அ' வரவேண்டிய இடத்தில் 'உ' என்று ஒலித்துவிட்டாள். அதனால் அவள் கூற்று, "வானத்தில் மிக அழகானது எது?" என்னும் வினாவாக மாறிவிட்டது. தந்தை, "அதன் விண்மீன்கள்" என்று விடை கூறினார். மகள் தான் வினவவில்லை, வியந்தேன் என்றாள். மொழிக்கு இலக்கணம் வகுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இதனால் தோன்றியது என்பர். கதை உண்மையோ புனைவோ, ஒரு குறிலின் வேறுபாடு பொருளையே புரட்டிவிடும் என்பதை இது தெளிவாக உணர்த்துகிறது.

பின்னர் 8ஆம் நூற்றாண்டில் இலக்கண மேதை அல்கலீல் இப்னு அஹ்மத் இன்றுள்ள வடிவில் உயிர்க்குறிகளை அமைத்தார் என்பர். சிறிய அலிஃபிலிருந்து 'அ' குறியும், சிறிய வாவிலிருந்து 'உ' குறியும், சிறிய யாவிலிருந்து 'இ' குறியும் பிறந்தன.

தமிழ் மாணவர்க்கு இது முற்றும் புதியதன்று. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமலே எழுதினர். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் சுவடிகளில் தெரிவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டே சரியான சொல்லைத் துணிந்தனர். அப்பெரும்புலவர்கள் ஏட்டின் முன் அமர்ந்து செய்த வேலையின் ஒரு பகுதியை, நான்காம் வகுப்பு அரபுச் சிறுவன் நாள்தோறும் செய்தித்தாளின் முன் அமர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது எனலாம்.

வேரும் வார்ப்பும்

குறிகள் இல்லாமல் எழுதுவது அரபுமொழிக்கு எவ்வாறு இயன்றது? அம்மொழியின் சொல்லாக்க முறையே காரணம். பெரும்பாலான அரபுச் சொற்கள் மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து பிறப்பன. அந்த வேரை ஓர் உயிரொலி வார்ப்பில் இட்டால் சொல் உருவாகிறது.

காஃப், தா, பா என்னும் மூன்று மெய்களும் எழுதுதல் என்னும் பொருளுக்கு வேர். அதிலிருந்து 'கதப' (எழுதினான்), 'குதிப' (எழுதப்பட்டது), 'காதிப்' (எழுதுபவன்), 'கிதாப்' (நூல்), 'குதுப்' (நூல்கள்), 'மக்தப்' (எழுதும் இடம், அலுவலகம்), 'மக்தபா' (நூலகம்), 'மக்தூப்' (எழுதப்பெற்றது) ஆகிய சொற்கள் கிளைக்கின்றன. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் வழங்கும் கிதாபு, மக்தப் என்னும் சொற்கள் இவ்வேரிலிருந்து வந்தவையே.

வேரும் வார்ப்பும் மனத்தில் பதிந்தவனுக்கு மெய்களைக் கண்டாலே போதும்; உயிர்கள் தாமே வந்து அமரும். ஆனால் ஓர் ஐயம் எஞ்சி நிற்கும். 'கதப', 'குதிப', 'குதுப்' மூன்றும் குறியின்றி எழுதப்பட்டால் ஒரே உருவம் உடையவை. அதனையடுத்து 'அல்வலத்' (சிறுவன்) என்னும் சொல் வந்தால், அத்தொடரைச் 'சிறுவன் எழுதினான்' என்றும் வாசிக்கலாம். 'சிறுவனின் நூல்கள்' என்றும் வாசிக்கலாம். எது சரி என்பது தொடரின் எஞ்சிய பகுதியைக் கண்டபின்தான் விளங்கும். கண் முன்னே ஓட, வாய் பின்னே வர வேண்டும். இத்திறன் ஒரு நாளில் வருவதன்று.

ஓதுதலும் வாசித்தலும்

அரபு நாடுகளில் குழந்தைக் கல்வியின் பழைய நிலையம் குத்தாப் எனப்படும் ஓதுபள்ளி. மொராக்கோவில் மாணவன் களிமண் பூசிய மரப்பலகையில் நாணல் எழுதுகோலால் திருக்குர்ஆன் வசனங்களை எழுதுவான்; மனப்பாடம் ஆனதும் பலகையைக் கழுவி மீண்டும் களிமண் பூசி அடுத்த பகுதியை எழுதுவான். பக்தாதி முறை எனப்படும் பழைய பாலபாடம் முதலில் எழுத்தின் பெயரையும், பிறகு ஒவ்வோர் எழுத்தையும் மூன்று உயிர்க்குறிகளோடும் சேர்த்து இசையோடு கூட்டிச் சொல்லும் பயிற்சியையும் அளித்தது. நம் நாட்டு ஓதுபள்ளிகளில் இக்குறிகள் ஜபர், ஜேர், பேஷ் என்னும் பாரசீகப் பெயர்களால் வழங்குகின்றன.

'கிராஅத்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஓதுதல் என்றும் வாசித்தல் என்றும் இரு பொருளும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் திருமறையை 'ஓதுவது' என்றும், பிற நூல்களைப் 'படிப்பது' என்றும் வேறுபடுத்தி வழங்குவது நுட்பமானது. திருக்குர்ஆனில் எல்லா உயிர்க்குறிகளும் முழுமையாக இடப்பட்டிருக்கும். ஆகவே பொருள் தெரியாத குழந்தையும் பிழையின்றி ஓதக் கற்றுக்கொள்ளும். ஆனால் அக்குழந்தையிடம் குறியில்லாத அரபுச் செய்தித்தாளைக் கொடுத்தால் வாசிக்க இயலாது. எழுத்தை ஒலியாக்கும் திறன் வேறு, வாசித்தறியும் திறன் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டை அரபு அறிஞர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். 1377இல் தம் 'முகத்திமா' என்னும் நூலை எழுதிய இப்னு கல்தூன், குழந்தைக்குக் கற்பிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதை அதில் விரிவாக ஒப்பிடுகிறார். மக்ரிப் நாட்டினர் திருமறையை மட்டுமே கற்பித்தனர். அந்தலூசியர் திருமறையோடு கவிதை, இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தனர். அதனால் அந்தலூசிய மாணவர்களே மொழியாட்சியில் சிறந்து விளங்கினர் என்பது அவர் முடிவு. அபூபக்ர் இப்னுல் அரபி (1076–1148) என்னும் நீதிபதி, முதலில் மொழியையும் கவிதையையும், பிறகு கணக்கையும், அதன் பின்னரே திருமறையையும் கற்பிக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். புரியாததைக் குழந்தையிடம் முதலில் கொடுப்பது தகாது என்பது அவர் வாதம். இம்முறை சிறந்ததே என்று ஒப்பும் இப்னு கல்தூன், வழக்கம் இதற்கு இடந்தராது என்று கூறி நிறுத்துகிறார். பிள்ளை வளர்ந்து தந்தையின் சொல்லை மீறும் வயதை அடைந்துவிட்டால் திருமறையைக் கற்காமலே போய்விடுவானோ என்னும் அச்சமே அவ்வழக்கத்துக்குக் காரணம் என்பதையும் அவர் விளக்குகிறார்.

ஓதுபள்ளியைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. ஏட்டுமொழியின் ஒலிகளும் சொற்களும் குழந்தையின் செவியில் முதன்முதலாக விழும் இடம் அதுவே. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

'தார்', 'தூர்': புதிய பாலபாடங்கள்

முதல் உலகப் போருக்குப் பின் அரபு நாடுகளில் புதிய பள்ளிகள் எழுந்தன. எழுத்தின் பெயரைக் கூவி மனப்பாடம் செய்யும் முறையை மாற்ற வேண்டும் என்று கல்வியாளர்கள் எண்ணினர். அவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்.

ஈராக்கில் கல்வித்துறைக்குத் தலைமை தாங்கிய ஸாதிஉ அல்ஹுஸ்ரி, 1920களில் 'கல்தூனிய்யா வாசகம்' என்னும் பாலபாடத்தை ஆக்கினார். தம் மகன் கல்தூனின் பெயரையே அதற்கு இட்டார். எழுத்தின் பெயருக்கு மாறாக அதன் ஒலியிலிருந்து தொடங்குவது அவர் முறை. ஈராக்கியர் பல தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும் அதன் தொடக்கச் சொற்கள் 'தார்', 'தூர்' என்பன. 'தார்' என்றால் வீடு. 'தூர்' என்றால் வீடுகள்.

பாலஸ்தீனத்தில் கலீல் அஸ்ஸகாகினி (1878–1953) 1924இல் 'அல்ஜதீத்' (புதியது) என்னும் வாசகத்தை வெளியிட்டார். முழுச்சொல்லைப் படத்தோடு காட்டி, அதன் பிறகு எழுத்துகளைப் பிரித்துக் கற்பிப்பது அவர் முறை. அதன் முதற்பாடம் 'ராஸ்', 'ரூஸ்' என்பது. தலை, தலைகள் என்பது பொருள்.

இவ்வெளிய சொற்களை ஏன் தேர்ந்தனர்? முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்தி இங்கே பயன்படும். 'தார்', 'தூர்' என்பவற்றில் வரும் தால், அலிஃப், வாவ், ரா ஆகிய நான்கும் சேராத ஆறெழுத்தைச் சார்ந்தவை. ஆகவே ஒவ்வோர் எழுத்தும் தன் தனியுருவிலேயே நிற்கும். உருவமாற்றம் என்னும் தொல்லை முதல் நாளில் குழந்தைக்கு இல்லை. இரண்டாவதாக, இச்சொற்களில் வருவன நெடில்களே. நெடிலுக்கு எழுத்து உண்டு. ஆகவே உயிர்க்குறி என்னும் தொல்லையும் இல்லை. மூன்றாவதாக, இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு நடுவெழுத்து ஒன்றே. அலிஃபை எடுத்து வாவை வைத்தால் ஒருமை பன்மையாகிறது. எழுத்து மாறினால் ஒலி மாறும், ஒலி மாறினால் பொருள் மாறும் என்னும் வாசிப்பின் அடிப்படையைக் குழந்தை இரண்டே சொற்களில் கண்டுகொள்கிறது.

ஸகாகினியின் 'ராஸ்', 'ரூஸ்' இன்னோர் அடி முன் சென்றது. ஏட்டுமொழியில் இச்சொற்களுக்கு நடுவே தொண்டை அடைப்பொலி ஒன்று உண்டு. பேச்சுமொழியில் அது இல்லை. குழந்தை வீட்டில் சொல்லும் வடிவத்தையே அவர் முதற்பாடத்தில் வைத்தார். அச்சொல்லைக் குழந்தை முன்பே செவியால் அறிந்திருந்தது. எழுத்து வடிவம் மட்டுமே அதற்குப் புதிது.

வீட்டுமொழியும் ஏட்டுமொழியும்

இங்கே நாம் சிக்கலின் மையத்துக்கு வருகிறோம். அமெரிக்க மொழியியலார் சார்லஸ் ஃபெர்குஸன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இரட்டை வழக்கு என்னும் நிலையை விளக்கினார். ஒரே சமூகத்தில் எழுத்துக்கும் மேடைக்கும் உயர் வழக்கும், வீட்டுக்கும் தெருவுக்கும் பேச்சு வழக்கும் அருகருகே நிலவுவதே அது. அவர் காட்டிய முதன்மைச் சான்றுகளுள் அரபும் ஒன்று. தமிழும் இரட்டை வழக்கு மொழியே என்பதை நாம் அறிவோம்.

கெய்ரோ நகரக் குழந்தை 'பார்த்தான்' என்பதற்கு வீட்டில் 'ஷாஃப்' என்கிறது. ஏட்டில் அது 'ரஆ'. 'போனான்' என்பதற்கு வீட்டில் 'ராஹ்'; ஏட்டில் 'ஃதஹப'. மூக்குக்கு வீட்டில் 'மனாகீர்', ஏட்டில் 'அன்ஃப்'. இவை ஒலித்திரிபுகள் அல்ல. வேறு வேறு சொற்கள். ஒலியிலும் வேறுபாடு உண்டு. இதயம் என்னும் பொருளுடைய 'கல்ப்' என்னும் சொல்லின் முதலொலியை அடித்தொண்டையில் ஒலிக்க வேண்டும். கெய்ரோப் பேச்சில் அவ்வொலி தேய்ந்து 'அல்ப்' என்று வழங்குகிறது. ஆகவே தான் சொல்லாத ஒலிக்கு ஓர் எழுத்தைக் குழந்தை கற்க வேண்டியிருக்கிறது. அவ்வெழுத்தை மெல்லின ககரத்தைப் போல ஒலித்துவிட்டால் இதயம் நாயாகிவிடும். ஏனெனில் அரபில் நாய்க்குப் பெயர் மெல்லிய ககரத்தோடு கூடிய 'கல்ப்' ஆகும்.

இத்தொலைவு எவ்வளவு என்பதை எலினோர் ஸயிக் ஹத்தாத் என்னும் மொழியியலாளர் ஆராய்ந்துள்ளார். பாலஸ்தீன அரபு பேசும் ஐந்து வயதுக் குழந்தைகளின் சொற்களைத் தொகுத்து 2014இல் அவரும் பெர்னார்ட் ஸ்போல்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வின்படி, ஏட்டுமொழியோடு முற்றும் ஒத்த சொற்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஒலி மாறி வழங்குவன. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வேறு சொற்களே. தம் பேச்சில் இல்லாத ஒலிகளைச் சொல்லிலிருந்து பிரித்துணரக் குழந்தைகள் மிகவும் இடர்ப்படுகின்றனர் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

டேனியல் வாக்னர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1980களில் மொராக்கோவில் செய்த ஆய்வு இங்கே ஒப்புநோக்கத்தக்கது. வீட்டில் பெர்பர் மொழி பேசும் குழந்தைகள் அரபு பேசும் குழந்தைகளைவிட முதல் வகுப்பில் பின்தங்கியிருந்தனர். ஐந்தாம் ஆண்டளவில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஏட்டு அரபு இருசாராருக்குமே ஓரளவு புதுமொழி என்பதை இது குறிப்பால் உணர்த்துகிறது எனலாம்.

குறிகள் நீங்கும் பருவம்

பள்ளியின் முதல் ஆண்டுகளில் பாடநூல்கள் எல்லா உயிர்க்குறிகளோடும் அச்சிடப்படுகின்றன. அப்போது அரபு எழுத்து ஏறத்தாழத் தமிழ் எழுத்தைப் போன்றதே. எழுதியிருப்பதை அப்படியே ஒலிக்கலாம். ஆகையால் அரபுக் குழந்தைகள் குறியிட்ட சொற்களை ஒலிக்க விரைவிலேயே கற்கின்றனர். பிறகு மூன்றாம், நான்காம் வகுப்பளவில் குறிகள் படிப்படியாகக் குறைகின்றன. ஐயம் தோன்றும் இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு குறிகள் நிற்கும். இறுதியில் அவையும் நீங்கிவிடும். நாளிதழிலும் நாவலிலும் கடைப்பலகையிலும் குறிகள் இல்லை.

நீந்தக் கற்கும் சிறுவனின் இடுப்பில் கட்டிய சுரைக்குடுக்கையை அவிழ்ப்பதைப் போன்றது இது. நீச்சல் வந்தவனுக்குச் சுரைக்குடுக்கை தடை. வராதவனுக்கு அதை அவிழ்ப்பது ஆபத்து. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் ஸலீம் அபூரபீஆ 1990களில் செய்த ஆய்வுகளில், குறிகள் இருப்பது தேர்ந்த வாசகர்க்கும் துணைபுரிகிறது என்று கண்டார். பின்னர் வந்த ஆய்வுகள் சில, மிகுதியான குறிகள் கண்ணுக்குச் சுமையாகித் தேர்ந்த வாசகரின் வேகத்தைக் குறைப்பதும் உண்டு எனக் கூறின. இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றினும், பருவமறிந்து குறியை நீக்க வேண்டும் என்பதை இரண்டுமே உணர்த்துகின்றன.

குறி நீங்கியபின் குழந்தைக்கு எஞ்சும் துணை எது? தன் மனத்தில் உள்ள சொற்கள்தாம். 'குதுப்' என்னும் சொல்லைப் பலமுறை கேட்டறிந்த குழந்தைக்கு மூன்று மெய்களும் தாமே பேசும். கேட்டறியாத குழந்தைக்கு அவை ஊமை எழுத்துகள். வீட்டில் பேசும் சொல் ஏட்டில் இல்லை. ஏட்டில் உள்ள சொல் வீட்டில் கேட்பதில்லை. எழுத்தின் குறையை மொழியறிவால் நிரப்ப வேண்டிய வேளையில் மொழியறிவே குறைவாக இருக்கிறது. பல குழந்தைகள் தடுமாறி நின்றுவிடும் இடம் இதுவே.

செவி வழி

இத்தடுமாற்றம் சிறிய செய்தியன்று. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளுள் 59 விழுக்காட்டினர் தம் வயதுக்குரிய எளிய பகுதியை வாசித்துப் புரிந்துகொள்ள இயலாதவர்கள் என்று உலக வங்கி 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. நான்காம் வகுப்பு மாணவரிடையே நடத்தப்பெறும் அனைத்துலக வாசிப்புத் தேர்வின் நடுப்புள்ளி 500. 2021ஆம் ஆண்டுத் தேர்வில் எகிப்து, ஜோர்தான், மொராக்கோ மூன்றும் 400க்கும் கீழேயே பெற்றன. வறுமை, போர், நெரிசலான வகுப்பறை, ஆசிரியர் பயிற்சிக் குறைவு எனக் காரணங்கள் பல. எழுத்தின் மீது மட்டும் பழிபோடுதல் பொருந்தாது. எனினும் ஏட்டுமொழி செவிக்குப் புதிதாக இருப்பதும் ஒரு பெருங்காரணம் என்பதைக் கல்வியாளர் ஏற்கின்றனர்.

இதற்கு மருந்தும் அதே திசையிலிருந்து வந்தது. டினா ஃபைட்டெல்ஸனும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் வகுப்பிலேயே ஏட்டு அரபில் கதைகளை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் குழந்தைகளின் கேட்டுணரும் ஆற்றல் உயர்கிறது என்று காட்டியது. அபூரபீஆ 2000இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறு கதை கேட்டு வளர்ந்த குழந்தைகள் முதல் இரண்டு வகுப்புகளில் வாசித்தறிவதிலும் மேம்பட்டிருந்ததை மெய்ப்பித்தது. ஏட்டுமொழி குழந்தைக்குக் கடினம், ஆகவே பள்ளிவரை காத்திருக்கலாம் என்று எண்ணிய பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இது ஒரு படிப்பினை.

1979இல் குவைத்திலிருந்து தொலைக்காட்சியில் தோன்றிய 'இஃப்தஹ் யா சிம்சிம்' என்னும் சிறுவர் நிகழ்ச்சி முழுவதும் எளிய ஏட்டு அரபிலேயே அமைந்தது. விளையாட்டும் வேடிக்கையும் அம்மொழியில் நடக்கக்கூடும் என்பதைப் பல நாட்டுக் குழந்தைகள் அதில் கேட்டறிந்தனர். ஜோர்தானில் உயிரியல் பேராசிரியை ரனா தஜானி 2006இல் தொடங்கிய இயக்கம் இன்னும் எளிமையானது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பள்ளிவாசலில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசித்துக் காட்டுகிறார்கள். பெருஞ்செலவு இல்லை, வேண்டுவது ஒரு கதைநூலும் ஒரு குரலும்.

ஓதுபள்ளியின் பயனையும் இங்கே நினைவுகூர வேண்டும். திருமறையை ஓதிய குழந்தையின் செவிக்கும் நாவுக்கும் ஏட்டுமொழியின் அரிய ஒலிகள் பழகிவிடுகின்றன. அவ்வொலிகளோடு பொருளையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதே இப்னுல் அரபி அன்று கேட்டது.

முடிவுரை

அரபுக் குழந்தை கடக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சேர்ந்தும் மாறியும் வரும் எழுத்துரு. நல்ல பாலபாடமும் பயிற்சியும் இதை ஓராண்டில் கடக்கச் செய்யும். இரண்டாவது, உயிர்க்குறிகள் நீங்கும் பருவம். மூன்றாவது, வீட்டுமொழிக்கும் ஏட்டுமொழிக்கும் உள்ள தொலைவு. மூன்றாவதைக் கடந்தவருக்கே இரண்டாவது எளிதாகிறது. சொல் செவியில் இருந்தால் எழுத்தில் குறி இல்லாமற்போனாலும் குழந்தை வாசித்துவிடும்.

இதிலிருந்து தமிழாசிரியரும் பெற்றோரும் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. நம் எழுத்து உயிரொலி எதையும் மறைப்பதில்லை. அதனாலேயே ஒரு மயக்கமும் நேர்கிறது. குழந்தை கடகடவென்று வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, அதற்குப் புரிந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அரபு எழுத்து அவ்வாறு ஏமாற இடந்தருவதில்லை; புரியாதவன் அங்கே வாசிக்கவே இயலாது. வகுப்பில் ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்வதற்கு முன், அதன் சொற்கள் குழந்தையின் செவியில் முன்பே விழுந்துள்ளனவா என்று ஆசிரியர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நலம். விழவில்லை எனில், முதலில் ஒரு கதை சொல்லுக.